மொய் மேஜை இல்லாத காதுகுத்து

தேர்தல் வேலைக்குப் போட்டபோது வாக்குச்சாவடியில் விரலுக்கு மை வைக்கச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். என்னைக் கொண்டுபோய் வீடியோ கண்காணிப்புக் குழுவில் சேர்த்தார்கள். வேட்பாளர் எங்கே கூட்டம் போட்டாலும் நாங்கள் போய்ப் படம் பிடிக்க வேண்டும். அதைப் பார்த்து இன்னொரு குழு நாற்காலிக்கும் டீக்கும் பிரியாணிக்கும் விலை போட்டு அவர் செலவுக் கணக்கில் ஏற்றும். கணக்கு வரம்பைத் தாண்டினால் வேட்பாளர் மாட்டிக்கொள்வார். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான நான் இதை முழுசாக நம்பினேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

முதலில் எங்களிடம் சிக்கியவர் ஒரு சுயேச்சை. பழங்காநத்தத்தில் கூட வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கேமராவைப் பார்த்ததும், பாவம், தலையைச் சீவிக்கொண்டார். அந்த டீ ஒழுங்காகக் கணக்கில் ஏறியது. பணத்தைத் தண்ணீராகச் செலவழித்த பெரிய வேட்பாளர் பக்கம் போனால் மட்டும் வெறும் நாற்காலிகள்தான் இருக்கும். நாங்கள் புறப்படுவது எங்கள் டிரைவருக்கு முன்பே அவர் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒருநாள் மதியம், நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி ஒரு மண்டபத்தில் அவர் பிரியாணி போடுகிறார் என்று தகவல் வந்தது. போனோம். கொடி இல்லை, பேனர் இல்லை. காதுகுத்து என்றார்கள். ஆனால் உள்ளே பாதித் தொகுதி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மேடையில் தாய்மாமன் உட்காருகிற இடத்தில் அந்த வேட்பாளர், அவர் மடியில் ஒரு பெண் குழந்தை. அதன் காதில் ஏற்கெனவே கம்மல் ஆடியது.

என் கண் மொய் மேஜையைத் தேடியது. எங்கள் பக்கத்தில் பந்தி பிந்தினாலும் பிந்தும், மொய் எழுதுகிறவர் பேனாவும் கையுமாக முதலிலேயே உட்கார்ந்துவிடுவார். இங்கே மேஜையே போடவில்லை. போதாததற்கு, சாப்பிட்டுக் கை கழுவியவர்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வர் குடம். வாங்க வேண்டிய வீடு வாரி வழங்குகிற விசேஷத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் கேமராக்காரர் கல்யாண வீடியோ எடுப்பவர். பழக்க தோஷத்தில் குழந்தையின் முகத்தையும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அதன் அம்மாவையும் நின்று நிதானமாக எடுத்தார். நாற்காலியை எடுங்கள், குடத்தை எடுங்கள் என்று நான் அவரை இழுக்க வேண்டியிருந்தது.

மேலதிகாரி வீடியோவைப் பார்த்தார். “மொய் வாங்காதது குத்தமாம்மா? தாய்மாமன் முறைன்னு அவங்க சொல்றாங்க. இல்லைன்னு நாம எப்படிச் சொல்றது?” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “குழந்தையோட அம்மா, எல்லாம் அவர் செலவுதான்னு எழுதிக் குடுத்தா அம்புட்டையும் கணக்குல ஏத்திரலாம். வரம்பு தாண்டிரும்” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

மறுநாளே விசாரித்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்குப் போனேன். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவள். நான் டீச்சர் என்றதும் வாங்க என்று பாய் விரித்தாள். அவர் உன் கூடப்பிறந்தவரா என்று நேரடியாகக் கேட்டேன்.

“இல்ல டீச்சர். எனக்குக் கூடப்பொறந்தவக யாருமில்ல. மாமன் மடி இல்லாத பிள்ளைக்கு என்ன விசேஷம்னுதான் கடையில வச்சுக் குத்திட்டு வந்தோம். அவுக ஆளுக வந்து, அண்ணன் இருக்காரு, நாங்க செஞ்சு வைக்கிறோம்னாக.”

அதைத்தான் எழுதித் தரச் சொன்னேன். ஒருவர் வரம்பில்லாமல் செலவழித்தால் இல்லாதவர் போட்டியிடவே முடியாது என்றெல்லாம் வகுப்பில் சொல்வதைப்போலச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்.

“எழுதிக் குடுத்தா, எம் பிள்ளை காதுகுத்து பொய்யின்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமே டீச்சர்.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் மேல் இல்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான், கொஞ்சம் அவள் மேலும்தான். ஓட்டுக்குக் கவரில் பணம் கொடுத்திருந்தால்கூட எனக்கு இப்படி வயிறு எரிந்திருக்காது. பணம் செலவாகிப் போகும். இவர்கள் இவளுக்கு எது இல்லை என்று விசாரித்து வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் விலைப்பட்டியலில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு விலை இருக்கிறது, பிரியாணிக்கு இருக்கிறது. இல்லாத அண்ணனுக்கு என்ன விலை போடுவது?

அலுவலகத்தில் குடும்ப விழா என்று எழுதி அந்த மதியத்தின் கணக்கை முடித்துவிடுவார்கள் என்று தெரிந்தே எழுந்தேன். அவள் வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். ஏதோ கேட்கத் தயங்குவது தெரிந்தது. மனது மாறிவிட்டதோ என்று நின்றேன்.

“உங்க ஆளு அன்னைக்கு வீடியோ எடுத்தாருல்ல டீச்சர்? யாரும் போன்லகூட எடுக்கக் கூடாதுன்னு அவுக சொல்லிட்டாக. எங்ககிட்ட ஒரு போட்டோகூட இல்ல. அதுல ஒரு காப்பி கெடைக்குமா?”