காகிதத்தில் மூத்த மகள்

யாங்கோனில் மருத்துவக் காப்பீடு விற்பவனுக்கு மரியாதை வாசல் வரைக்கும்தான்; நோய் என்று பேச்செடுத்தால் வீட்டில் எல்லாரும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். படிவமும் பையுமாக மாடி ஏறி இறங்கியவர்களுக்கு என் பாடு புரியும்.

கூட்டிச் சொன்ன வயது

நகரின் தின்கன்ஜூன் பேட்டையில் ஊ மாணிக்கம் என்று ஒரு பள்ளிக்கூட எழுத்தர்; பர்மிய மரியாதைக்கு இங்கே பெரியவருக்கு ஊ, அம்மாளுக்கு டோ, என் வயதுக்காரனுக்குக் கோ. அவர் எடுத்த குடும்பக் காப்பீட்டில் பிள்ளைகளுக்கு இருபத்து மூன்று வயது நிறையும்வரைதான் இடம். மகள் மீனாவுக்குப் பித்தப்பையில் கல், ஆபரேஷன் அவசியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான் காகிதத்தைப் புரட்டினேன். வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்கு இருபத்து மூன்று நிறைகிறது. அப்புறம் முழுச் செலவும் அப்பா தலையில். மாணிக்கம் துள்ளி எழுந்தார்.

"அவளுக்கு இருபத்திரண்டுதான் நிறையுது தம்பி! பள்ளிக்கூடத்துல சீக்கிரம் சேக்கணும்னு நான்தான் ஒரு வயசு கூட்டிச் சொன்னேன்."

ஆதாரம்

மறுநாள் மஞ்சள் துணியில் சுற்றி மீனாவின் ஜாதகத்தைக் கொண்டுவந்தார். வெட்கத்தை விட்டு அதை எங்கள் மேலதிகாரி டோ மியாவிடம் நீட்டினேன். அந்த அம்மாள் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார், நேராகவும் பார்த்தார். வியாழனுக்குள் ஆபரேஷன் முடிந்தால் பணம் தருவோம், அதற்குமேல் தன்னால் முடியாது என்றார். ஜாதகத்தைத் திருப்பித் தரும்போது என்னிடம் பர்மியில் சொன்னார்:

"எங்க ஜோசியத்திலயும் ராகு உண்டு, கோ முருகேசு. இதுல சர்க்கார் முத்திரையைத்தான் காணோம்."

கரிநாள்

ஆஸ்பத்திரியில் கெஞ்சி வியாழக்கிழமைக்கே இடம் வாங்கினேன். மாணிக்கம் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்தார். அன்று கரிநாள். மகள் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமை காப்பீடே இருக்காது என்று நான் தொண்டை வற்றக் கத்தியும் அசையவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மீனா தமிழில் கேட்டால் பர்மியில் பதில் சொல்கிற பெண். அன்று வயிற்றைப் பிடித்தபடி அறையிலிருந்து வந்து தமிழிலேயே கேட்டாள்:

"நான் பொறந்த தேதியையே மாத்துன ஆளு, ஒரு கரிநாளுக்கா பயப்படுறீங்க அப்பா?"

கல் வியாழக்கிழமையே வெளியே வந்துவிட்டது; நான்தான் இப்போதெல்லாம் பிள்ளையின் வயதைப் பெற்றவளிடம் ஒரு தடவை, பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரிடம் ஒரு தடவை கேட்காமல் படிவத்தில் பேனா வைப்பதில்லை.