அப்பா கேட்ட ஊர்ப் பெருமை

நினைவு மலரைப் பிறந்த ஊரின் பெருமையோடு தொடங்குவது நம்மவர் வழக்கம். அப்பாவின் முப்பத்தோராம் நாள் மலரிலும் அவர் பிறந்த வடமராட்சியின் தோட்டங்களும் கோயில்களும் முதற்பக்கத்தை நிறைத்தன. அப்பா கேட்டது வேறு ஊர்.

ஒஸ்லோவின் ரொம்சோஸ் முதியோர் இல்லத்தில், கடைசி வாரங்களில், தம் கையால் எழுதிய நாலு தாள்களை என்னிடம் தந்தார்.

"பிள்ளை, என்ரை மலரிலை சிப்பாட்டாவைப் போடு. பிறந்த ஊரிலை நான் வேலிக்கு ஒரு கதியால்கூட நட்டதில்லை. சிப்பாட்டாவிலை வீதியே போட்டனான்."

சிப்பாட்டா, சாம்பியாவின் கிழக்கு மாகாணத் தலைநகர். மலைகளுக்கு நடுவே, வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயரைச் சுமந்திருந்த கோட்டை ஊர். விடுதலைக்குப் பின் சொந்தப் பெயர் பெற்று வளர்ந்தபோது, நில அளவையாளராகப் போன அப்பா வெயிலில் முளையடித்து வீதிகளை அளந்தார். சந்தைக்குப் போகும் பாதை தாம் அளந்தது என்பார். நான் பிறந்ததும் அங்கேதான். மூன்று வயதில் புறப்பட்டதால் எதுவும் நினைவில்லை.

ஒப்பந்தம் முடிந்தபோது ஊரில் போர். அப்பா நோர்வேக்கு வந்து, வடகோடியில் ஹம்மர்பெஸ்டின் ஆலையில் மீன் வெட்டினார். பின்னர் ஒஸ்லோவில் படிக்கட்டுகள் கழுவினார். முறைப்பாடு சொன்னதில்லை. சிப்பாட்டாவைப் பற்றி மட்டும் ஓயாமல் கதைத்தார். கலியாண வீடுகளில் அவர் வாயைத் திறந்தாலே பக்கத்துக் கதிரைகள் காலியாகும். "தொடங்கீட்டார் ஆபிரிக்காக்காரர்" என்று உறவினர்களாகிய நீங்கள் நக்கலடித்தீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கமாக இருக்கிறது.

அந்த முதல் மலர் தயாரானபோது சித்தப்பா தடுத்தார். "செத்தவீட்டுப் புத்தகத்திலை ஆபிரிக்கா என்னத்துக்கு? சனம் சிரிக்கும்."

"ஓம் சித்தப்பா" என்றேன். அப்பா சிப்பாட்டாவில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளை, 'சில காலம் வெளிநாட்டிலும் பணியாற்றினார்' என்று ஒரே வரியில் முடித்ததும் நான்தான். இல்லத்து அறையைக் காலி செய்த அவசரத்தில் அந்த நாலு தாள்களும் பழைய கடதாசிகளோடு குப்பைக்குப் போயின. ஓராண்டு நிறைவுக்கான இந்தத் திதி மலரில் போடலாமென்று தேடியபோதுதான் அது தெரிந்தது. மேலே சிப்பாட்டாவைப் பற்றி எழுதியிருக்கும் நாலைந்து வரிகள்தான் என்னிடம் மிச்சம்.

சமைத்துத் தந்தவர்களுக்கும், பனியிலும் மயானம்வரை வந்தவர்களுக்கும், சித்தப்பாவுக்கும் எம் குடும்பத்தின் நன்றி. கடைசியாக ஒரு வேண்டுகோள். கதிரையை விட்டு எழும்பாமல் அப்பாவின் சிப்பாட்டாக் கதையை முழுதாகக் கேட்டவர் உங்களில் எவராவது இருந்தால், தயவுசெய்து வந்து எனக்குச் சொல்லுங்கள். அது நான் பிறந்த ஊர்.

மூத்த மகள்
ஒஸ்லோ