எல்லாக் கோடும் பீம்ராவிடம்

மலர்க்கொடியின் அலுப்பு சாயங்காலம் வந்து ராத்திரி தூங்கினால் போய்விடுகிற அலுப்பு இல்லை. காலையில் வியாசர்பாடி வீட்டில் அவளோடு எழுந்து, டோல்கேட்டில் அவளோடு பஸ் மாறி, திருவொற்றியூர் பெயிண்ட் ஃபாக்டரி வரைக்கும் கூடவே வரும். அங்கே சரக்கு அனுப்புகிற பிரிவில் அவள் குமாஸ்தா. அவள் புருஷன் பீம்ராவுக்கும் அதே ஃபாக்டரிதான். வெளியிலிருந்து வரும் ரசாயன டிரம்களை கேட்டிலேயே திறந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுவது அவன் வேலை. அவன் போடாமல் ஒரு லாரியும் உள்ளே நகராது. அந்தப் பெருமையிலேயே பாதி ஆயுசை ஓட்டிவிட்டான், பாவம்.

இரண்டாயிரமாவது வருஷம், கம்பெனி நடக்கிற விதத்தையே மாற்றி அமைக்கப் போகிறோம் என்று நாலு பேர் வந்து இறங்கினார்கள். மெஷின்களை அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆட்களைத்தான் படமாக வரைந்தார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வட்டம். யார் யாரை எதிர்பார்த்து நிற்கிறார்களோ, அந்த ஆளின் வட்டத்துக்கு ஒரு கோடு. எதை மாற்றலாம் என்று படமே சொல்லிவிடுமாம். நல்ல படம்தான், போங்கள்.

அந்த நாலு பேரில் மலர்க்கொடியிடம் பேச வந்தவள் ஷெர்லின். சின்னப் பெண், மரியாதை தெரிந்த பெண்.

"அக்கா, உங்க வேலை நடக்கணும்னா யாரை நம்பி இருக்கீங்க?"

ஆள் குறைப்பு வரும் என்று கேண்டீனில் ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. புருஷன் வேலை தப்ப வேண்டும். அதற்கு அவனை எவ்வளவு தூக்கிச் சொன்னாலும் தகும் என்று நினைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத அவன் பேரை, யாரோ மாதிரி அன்றைக்குத்தான் சொன்னாள்.

"கேட்டாண்ட பீம்ராவ்னு ஒருத்தரு கீறாரும்மா. அவரு பாத்து கையெழுத்து போட்டாத்தான் சரக்கு உள்ள வரும், பெயிண்ட் ஓடும், நானும் லாரி அனுப்ப முடியும். அவரு லீவு போட்டா ஃபாக்டரியே கம்முனு கெடக்கும்."

ஷெர்லின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். மலர்க்கொடிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

படத்தைக் கேண்டீன் சுவரில் ஒட்டினார்கள். நாலா பக்கத்திலிருந்தும் கோடுகள் பீம்ராவ் வட்டத்தில் வந்து முட்டின. பீம்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. தோஸ்துகளை இழுத்து வந்து காட்டினான்.

"பாத்தியா மாமு, மேனேஜருக்குக்கூட இத்தினி கோடு இல்ல."

அடுத்த வாரம் பக்கத்திலேயே இன்னொரு படம் வந்தது. மாற்றி அமைத்தபின் கம்பெனி எப்படி இருக்கும் என்பதற்கான படம். இனி டிரம் விற்கிறவர்களே சோதித்துச் சான்று கொடுத்து அனுப்புவார்கள், லாரி நேராக உள்ளே போகும். அதில் பீம்ராவ் வட்டம் இல்லை. எல்லாரும் காத்துக் கிடப்பது அந்த ஒரு ஆளிடம்தான், அதனால் அந்த இடமே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தார்கள். மத்தியானம் மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, நீங்களே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

ராத்திரி வீட்டில் சோறு போட்டு வைத்தாள், அவன் கை வைக்கவில்லை. அவளுக்குத் தாங்கவில்லை.

"நான்தான்யா உன்ன கெடுத்தேன். நீ இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லித் தொலச்சேன். உன் வேல நிக்குமேன்னுதான் சொன்னேன்."

பீம்ராவ் தட்டைத் தள்ளி வைத்தான்.

"என்னாண்டயும் வந்து கேட்டுச்சு," என்றான். "நானும் அதத்தான் சொன்னேன். பக்கத்து டேபிள் கிருஷ்ணப்பன் செய்யிற வேலயக்கூட நான்தான் செய்யிறேன்னு சேத்து சொன்னேன்."