கீழே இறங்கி வந்த கூட்டம்

என் வீட்டு முன்னறையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடக்கிறது. இருக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் இரும்பு வளையங்கள். இது எதற்கு என்று வருகிறவர்கள் கேட்பார்கள். மூங்கில் கழியை நுழைக்கத்தான். கழி கோத்து முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் தூக்கினால் நாற்காலி பல்லக்காகிவிடும். அந்தப் பல்லக்கில் போனவர் எங்கள் டீச்சர். தூக்கியவர்கள் நானும் ஒரு மலையாளத்துச் சேட்டனும். எழுபதுகளின் கடைசியில் திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் அட்டெண்டர்கள்.

டீச்சர் கோட்டைக்குள் அக்ரஹாரத்து வீட்டுப் பெண். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு காலுக்கும் இரும்புச் சட்டம், கக்கத்தில் கட்டைகள். சமூகவியல் நடத்துவார். வகுப்பெல்லாம் கீழ்த்தளத்தில்தான். ஆனால் கமிட்டி, கவுன்சில் என்று எது கூடினாலும் மாடி ஹாலில்தான் கூடும். ராஜா காலத்து மரப்படி அது, பாதியில் ஒரு திருப்பம் வேறு. கூட்ட நாளன்று காலையிலேயே நாங்கள் கழியை எடுத்துத் துடைத்து வைத்துவிடுவோம். சாலை பஜார் கடைகளில் அரிசி மூட்டை சுமந்து பழகிய தோள் என்னுடையது. அந்தத் தோளுக்குப் படித்தவர்கள் முன்னால் ஒரு மரியாதை கிடைத்தது எனக்குப் பெருமை.

"மூட்டைன்னா பேசாம வரும், நீங்க பேசிக்கிட்டே வாறீங்க டீச்சரம்மா" என்பேன்.

"பேசுற மூட்டையைக் கீழே போட்டா அது கத்தும், பாத்துக்கோங்கோ அண்ணாச்சி" என்பார். முன்னால் போகும் சேட்டன் சிரிக்கிற சிரிப்பில் கழி குலுங்கும்.

அவர் பேச்சை நான் மனசுக்குள் சேர்த்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் திருப்பத்தில் மூச்சு வாங்க நாற்காலியை இறக்கி வைத்தபோது சொன்னார்: "என் காலைப் பத்தி இந்தக் காலேஜ்ல எல்லாருக்கும் தெரியும். இந்தப் படியைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியலை." எனக்குப் புரியவில்லை. படியைப் பற்றித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

பிறகுதான் தெரிந்தது, அதைத்தான் ஒரு பாடமாக்க அவர் வருஷக்கணக்காக முட்டிக்கொண்டிருந்தார் என்று. ஊனம் என்றால் டாக்டர் காலைப் பார்க்கிறார், என்ஜினியர் கட்டடத்தைப் பார்க்கிறார், வக்கீல் சட்டத்தைப் பார்க்கிறார், கதை எழுதுகிறவர் பார்த்து அழுகிறார். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு பாடம் வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இது எந்த டிபார்ட்மெண்ட் என்று கேட்டே பிரின்சிபால் தள்ளிப்போட்டு வந்தார். கடைசியில் ஒரு கமிட்டி கூடியது. வெளியிலிருந்து ஒரு டாக்டர், ஒரு என்ஜினியர், சட்டம் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், எங்கள் சரித்திர சார். டீச்சர் நேரில் வந்து பேச வேண்டும். பேசாவிட்டால் அந்தப் பாடம் அத்தோடு போச்சு.

அன்றைக்கு நாற்காலியோடு போய் நின்றோம். டீச்சர் முதல் படி அருகே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"கழி வேண்டாம். இன்னிக்கு நான் மேலே போகப் போறதில்லை. கூட்டம் கீழே வரட்டும்."

"டீச்சர், தமாஷ் பறயுகயாணோ?" விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டார் சேட்டன்.

எனக்குக் கோபமே வந்தது. "இத்தனை வருஷம் நாங்க தூக்கலையா? இன்னிக்குப் போயா இந்தப் பிடிவாதம்? பாடம் போயிரும் டீச்சரம்மா!"

"போனாப் போகட்டும் அண்ணாச்சி. உங்க தோள்ல உக்காந்து போய் இந்தப் பாடத்தைக் கேட்டா, கேக்குறதுக்கு முன்னாடியே அது பொய்யாயிடும்." சொல்லிவிட்டு மாடிப்பக்கம் கையைக் காட்டினார்.

நான் மேலே போய்ச் சொன்னேன். கூட்டம் ஹாலில்தான் நடக்கும், அதுதான் வழக்கம் என்றார் பிரின்சிபால். முதலில் எழுந்தவர் டாக்டர். காலில் வலியோ என்று பார்க்க இறங்கி வந்தவர், "வலி இல்லை டாக்டர், படிதான் இருக்கு" என்ற பதிலைக் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்பக் கூட்டிப்போக வந்த என்ஜினியர் சுவரைத் தட்டிப் பார்த்து, சரிவுப் பாதைக்கு இங்கே இடமில்லை என்றார். "ஏன் இல்லை? கட்டினப்போ யாரை நினைச்சுக் கட்டினா?" என்றார் டீச்சர். அதற்குப் பதில் சொல்லச் சரித்திர சார் இறங்கினார். ஹாலில்தான் கூட வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே சட்டக்காரரும் வந்துவிட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்க, மறுத்தவரை மூன்றாமவர் பிடித்துக்கொள்ள, படியெல்லாம் பேச்சு. கழியைப் பிடித்தபடி நான் வாயைப் பிளந்து நின்றேன். டீச்சர் இத்தனை காலம் கேட்ட பாடம் என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

மேலே பிரின்சிபால் மட்டும் ஃபேனுக்கடியில் தனியாக இருந்தார். வெகுநேரம் கழித்து மரப்படியில் அவருடைய ஷூ சத்தம் கேட்டது. டக், டக். கீழே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் திருப்பத்துக்கு வந்தார், பார்த்தார், கைக்குட்டையை விரித்துப் படியில் உட்கார்ந்தார்.

"சரி டீச்சர், தொடங்கலாம்."

சனிக்கிழமை மத்தியானங்களில், கீழ்த்தளத்தில், அந்தப் பாடம் நடந்தது. நாற்காலியை அதற்குப் பிறகு யாரும் தூக்கவில்லை. பழைய சாமான்களைக் கழித்தபோது கேட்டு வாங்கி வந்தேன்.

இப்போது என் மூட்டு மடங்குவதில்லை. பென்ஷன்காரன் உயிரோடு இருப்பதை வருஷத்துக்கொரு முறை ஆபீசில் நேரில் காட்ட வேண்டும். ஆபீஸ் மாடியில். போன வாரம் மகன் இந்த நாற்காலியைப் பார்த்துவிட்டு, "வளையம் இருக்கே அப்பா, ரெண்டு பேரா தூக்கிட்டுப் போயிரலாம்" என்றான்.

நாற்காலியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஆனால் மாடிப்படிக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டேன். "மேலே போய்ச் சொல்லுடே. ஆள் உயிரோடதான் இருக்கான், கீழே இருக்கான்னு சொல்லு."

மகன் முணுமுணுத்துக்கொண்டே ஏறினான். நான் வளையத்தைத் தடவியபடி காத்திருந்தேன். வெகுநேரம். பிறகு மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது. படியில் ஷூ சத்தம் கேட்டது.