பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்மா

இந்த ஊர்ப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுவதில்லை, ரயில் ஓடுகிறது. ஆரணியிலிருந்து பெங்களூருக்கு வந்த புதிதில் அதுவே எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல் பாலம். ரயில் போனால் காலடி அதிரும், புகை மேலேறி மூடிக்கொள்ளும். அதைத் தாண்டினால்தான் காய்கறி மார்க்கெட். போதாததற்கு அந்த வருஷம் பாலத்தை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார்கள். பாலம் பலி கேட்கிறது, பிள்ளை பிடிக்க ஆள் அலைகிறது என்று நாங்கள் குடியிருந்த லைன் வீடு முழுக்கப் பேச்சு. ஊரில் உட்கார்ந்து இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். நான் நம்பினேன். வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விடுவார். குழந்தை செல்வியை யாரிடம் விடுவது? இடுப்பில் இறுக்கி, முந்தானையால் மூடிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கடந்தேன். புகையில் அவள் வீறிட்டு அழுதாள்.

மார்க்கெட்டிலும் அழுகை நிற்கவில்லை. ஆனேக்கல் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து விற்கிற வெங்காயக்காரி ஒருத்தி எழுந்து வந்து முந்தானையை விலக்கிப் பார்த்தாள். "யார மகு இது?" என்றாள். யார் குழந்தை இது என்று கேட்டிருக்கிறாள். எனக்கு அப்போது கன்னடம் சுத்தமாகத் தெரியாது. இவள்தான் பிள்ளை பிடிக்கிறவள் என்று பின்வாங்கினேன். அவளோ என்னைத்தான் அப்படி நினைத்திருக்கிறாள். ஓடப் பார்த்த என்னைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. தமிழ் தெரிந்த மூட்டைக்காரர் ஒருவர் குனிந்து செல்வியிடம் கேட்டார்.

"பாப்பா, இவங்க உனக்கு யாரு?"

"அக்கா."

பிறந்த வீட்டில் நான் மூத்தவள். தம்பி தங்கைகள் கூப்பிடுவதைக் கேட்டு, ஆரணியில் வளர்ந்த செல்வியும் என்னை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அம்மா என்றால் அவளுக்கு என் அம்மா. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

"அப்போ அம்மா எங்க?"

"ஊர்ல."

"ஐயோ, நான்தாங்க பெத்தவ!"

"பெத்தவள அக்கான்னு கூப்புடுமா கொழந்த? போலீச கூப்புடுங்கப்பா" என்றார் அவர். வெங்காயக்காரி செல்வியை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். இனி அவளைப் பார்க்கப்போவதில்லை என்றே நினைத்தேன்.

செல்வி திமிறி என்மேல் பாய்ந்தாள். மார்பில் வேப்பிலை அரைத்துத் தடவிப் பால் மறக்கடித்திருந்தேன். பயத்தில் அந்தக் கசப்பெல்லாம் மறந்து, ரவிக்கையில் முகத்தைப் புதைத்துப் பாலுக்குத் துழாவினாள். மூட்டைக்காரர் திரும்பிக்கொண்டார். வெங்காயக்காரி தன் சேலைத் தலைப்பை விரித்து எங்களை மறைத்து நின்றாள். ஏதோ சொல்லி அழுதாள், எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் பாலம் முழுக்க, "அம்மான்னு சொல்லு கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாள் பாலத்தில் ஏறினால் அம்மா, எங்கள் சந்துக்குள் நுழைந்தால் அக்கா. பிறகு எல்லா இடத்திலும் அம்மாதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். வண்டியை விட்டு இறங்கியதும் செல்வி, "அம்மா!" என்றாள். என் அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். செல்வி என் சேலைக்குள் ஒளிந்துகொண்டாள். அன்று மார்க்கெட்டில் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் அம்மாவின் முகத்தில் பார்த்தேன்.