தனலக்ஷ்மி கடைப் படிக்கு அடியில்

சிக்பேட்டைக்குப் பின்பக்கச் சந்தில் பொத்தானும் நூலும் லேஸும் விற்றுக்கொண்டிருந்தாள் தனலக்ஷ்மி. கோலார் சுரங்க வேலையை விட்டு வந்து புருஷன் தாஸ் தொடங்கிய கடை. 1949-ல் அவன் இறந்தபிறகு அவளே நடத்தினாள். கையில் அளவுகோல், குரலில் அதட்டல்.

சந்தைப் பிடித்த சீக்கு, ஓரமாக ஓடிய சாக்கடை. மோரி என்பார்கள் அங்கே. ஒரு மழை பெய்தால் கறுப்புத் தண்ணீர் கடைகளுக்குள் ஏறிவிடும். கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவென்யூ ரோட்டுக்குத் திரும்பினார்கள். ஐந்து கடைகள் பூட்டியே கிடந்தன.

எல்லாம் இரண்டு கடை தள்ளி இருந்த ஸ்ரீகண்டனின் ஓட்டல் எச்சில் இலைகள் அடைத்ததால்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. "ஐயரே, உங்க எச்சில் தண்ணியில நாங்க நீந்தணுமா?" என்று நடுச்சந்தில் நின்று கத்தினாள். அந்தப் பேச்சு பரவி, சாப்பிட வருகிறவர்கள் குறைந்துபோனார்கள்.

"இலையெல்லாம் வண்டியில போறதும்மா, வந்து பாருங்கோ" என்று அவர் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. 1954 தை மாசம் ஓட்டலை மூடிவிட்டு ஒக்கலிபுரத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த மழைக்கும் தண்ணீர் ஏறியது. "அவர் போட்ட பழைய அடைப்பு" என்றாள் தனலக்ஷ்மி.

மறுவருஷம் அவளே கடை கடையாக ஏறி இறங்கினாள். "யாரோ வருவாங்கன்னு உட்கார்ந்திருந்தா சந்து மொத்தமும் பூட்டிப் போயிடும். நாமளே இறங்கலாம்." ஜவுளிக்கடைச் சேட்டும் அத்தர்க்கடை பாயும் மற்றவர்களும் ஒத்துக்கொண்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு, முனைக்கு விளக்கு. எல்லாவற்றுக்கும் முன்னால் மோரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொத்தனார் நாராயணசாமி மேலே மூடியிருந்த கற்பலகைகளைப் புரட்டினார். ஓட்டல் வாசலில் இலையும் இல்லை, சக்கையும் இல்லை. வெறும் தேங்கின தண்ணீர். தனலக்ஷ்மியின் கடைக்கு அந்தப் பக்கமோ மோரி காய்ந்து கிடந்தது.

நாராயணசாமி கடப்பாரையை ஊன்றி நின்றார். "அக்கா, அடைப்பு உங்க படிக்கு அடியிலதான்."

"என்னய்யா உளர்றே?"

"நீங்களே வந்து பாருங்க."

படிக்கல் புரண்டது. கடையின் முன்பகுதியைத் தாங்க மோரியின் குறுக்கே பாறாங்கற்களைப் போட்டுச் சிமென்ட் பூசியிருந்தது. பூச்சில் சாய்ந்த எழுத்தில்: டி. தாஸ், 1948.

தனலக்ஷ்மி குனிந்து புருஷன் பெயரை விரலால் தடவினாள். அந்த வருஷம் பதினைந்து நாள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினபோது கடை மூன்றடி முன்னால் வந்திருந்தது. எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சேட் மெதுவாகச் சொன்னார்: "மூடிடலாம் அம்மா. பக்கத்துல வழி வெட்டிக்கலாம்."

"இடிங்க."

"கடையில மூணடி போயிடும் அக்கா" என்றார் நாராயணசாமி.

"ஒரு மனுஷனோட பொழப்பே போயிடுச்சு. இடிய்யா!"

அன்று மத்தியானமே ஒக்கலிபுரத்துக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ரீகண்டன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அந்தக் கல்லைப் போடறச்சே நான் பார்த்துண்டுதான் இருந்தேன்."

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கலை?"

"உங்க ஆத்துக்காரர்கிட்டச் சொன்னேன். எடுத்துடறேன்னார். அதுக்குள்ள போயிட்டார். போனவர் மேல பழி சொன்னா நீங்க நம்பியிருப்பேளா?"

நம்பியிருக்க மாட்டாள். இன்னும் உரக்கக் கத்தியிருப்பாள். அவர் மனைவி கோமளம் கொண்டுவந்த தண்ணீரை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

மறுநாள், முன்பு கத்திய அதே இடத்தில் எல்லாரையும் கூட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கைவண்டிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அப்புறம் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போய் ஸ்ரீகண்டனைக் கூப்பிட்டார்கள். உடனே வரவில்லை. யுகாதிக்குத்தான் ஓட்டலைத் திறந்தார்.

அந்த மழைக்காலத்தில் தண்ணீர் ஒரு கடைக்குள்ளும் ஏறவில்லை. பூட்டிக் கிடந்த ஐந்தில் நான்கு திறந்தன. முனையில் விளக்கு வந்தது. சாயங்காலங்களில் சந்துக்குள் நுழைய இடிபட வேண்டியிருந்தது.

ஸ்ரீகண்டன் எல்லாரிடமும் சிரித்துப் பேசினார். தனலக்ஷ்மியிடம் பேச அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் பிடித்தது. அதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.