யோப்பா என்று ஏன் பெயர் வைத்தேன்

இதை எழுத வேண்டும் என்று பல வருடங்களாக நினைத்துத் தயங்கினேன். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில், தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைக்கும் வேலை செய்தவன் நான். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தோல் நாற்றம் உடம்பை விட்டுப் போகாது. அந்த வெட்கம்தான்.

மகன் யோப்பாவுக்குப் பெண் பார்க்கக் குடியாத்தம் போனோம். பெண்ணின் அப்பா பள்ளி ஆசிரியர். டேனரிப் பேச்சை எடுக்கக் கூடாது என்று என் மனைவி வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

காபி குடிக்கும்போது அவர் கேட்டார். "யோப்பான்னா இன்னாங்க அர்த்தம்? எங்கியும் கேட்டதில்லியே."

"பைபிள்ல வர்ற ஒரு பட்டணங்க. அழகுன்னு அர்த்தம்" என்று சொல்லி நிறுத்தப் பார்த்தேன்.

"முழுசா சொல்லுப்பா" என்றான் மகன்.

சொன்னேன். அவன் பிறப்பதற்கு முந்தின நாள் பெருமழை. பிரசங்கம் செய்ய வந்த ஊழியக்காரர் ஒருவர் பஸ் இல்லாமல் எங்கள் வீட்டில் தங்கினார். வீட்டு நாற்றத்துக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரோ என் பாயிலேயே உட்கார்ந்து, "யோப்பாவுல ஆண்டவரோட சீஷரு, அப்போஸ்தலரே தோல் பதனிடுறவர் வீட்லதான் தங்குனாரு. நான் அவருக்கு மேலயா?" என்று சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில் வைத்த பெயர் இது.

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஆசிரியர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப நாங்களும் வந்து தங்கணுமே சம்மந்தி. பாய் பத்துமா?" என்றார்.

தேவனுக்கு ஸ்தோத்திரம். இதைப் பிறருக்குச் சொல்கிறவர்கள் டேனரியை மறைக்காமல், உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள்.